நட்சத்திரம் மறைந்த சில நொடிகள்
காவலூர் கண்ட கோள்களும் நிலவுகளும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



சூரியக் குடும்பத்துக் கோள்களையும் அவற்றின் நிலவுகளையும் பற்றிப் பேச ஆலங்காயத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது. இங்கிருந்து ஜமுனாமரத்தூர் போகும் மலைச்சாலையில் ஏறினால் காவலூர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில், ஜவ்வாது மலைக் காட்டுக்கு நடுவே வைணு பாப்பு வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும். வியாழனின் மிகப் பெரிய நிலவான கேனிமீடின் அகலத்தை அளந்ததில் இந்த மலைக்குப் பங்கு உண்டு. யுரேனஸின் வளையங்கள் முதன்முதலாகப் பிடிபட்ட இரவில் இந்த மலையும் விழித்திருந்தது. நூறாண்டுக்கு மேல் இந்தியாவில் நின்றுபோயிருந்த குறுங்கோள் கண்டுபிடிப்பு மீண்டும் தொடங்கியதும் இங்கேதான்.

இவற்றைச் சாதித்தவை உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் அல்ல. சரியான அட்சரேகை, இருண்ட வானம், நொடி தவறாத பதிவு, பதிவானதை உலகத்தின் முன் வைத்துப் பிறர் பதிவோடு ஒப்பிடும் துணிவு: இந்த நான்கும் சேர்ந்து சாதித்தவை அவை. இந்தச் சொற்பொழிவு சொல்ல விரும்புவது அதைத்தான்.

ஏன் இந்த மலை?

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர் மணாலி கல்லாட் வைணு பாப்பு. 1927-ல் சென்னையில் பிறந்தவர். மாணவராக இருந்தபோதே, 1949-ல், ஹார்வர்டில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். அது பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன் என்று அழைக்கப்படுகிறது. கொடைக்கானல் சூரியனை ஆராய நல்ல இடம். ஆனால் இரவு வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று அவர் தேடினார். நகர வெளிச்சம் எட்டாததாகவும், வடக்கு வானம் தெற்கு வானம் இரண்டையும் காட்டக்கூடியதாகவும் அந்த இடம் இருக்க வேண்டும். அந்தத் தேடல் ஜவ்வாது மலையில் வந்து முடிந்தது. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்யப்பட்ட 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968-ல் காவலூரில் வேலையைத் தொடங்கியது. ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி 1972-ல் வந்து சேர்ந்தது.

காவலூரின் அட்சரேகை ஏறக்குறைய 12.6 டிகிரி வடக்கு. இது வெறும் வரைபட எண் அல்ல. சூரியனும் நிலவும் கோள்களும் வானத்தில் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் நகர்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதை தலைக்கு மேலே, அல்லது அதற்குச் சற்றுத் தள்ளிப் போகும். 1972 ஜூனில் வியாழன் வானத்தின் தென்பகுதியில், 23 டிகிரி தெற்கே இருந்தது. அன்று லண்டனில் அது அடிவானத்திலிருந்து 15 டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறியிருக்கும். காவலூரில் ஏறக்குறைய 54 டிகிரி வரை ஏறியது. அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி காற்று மண்டலத்தின் அடர்ந்த பகுதியைக் கடந்து வருவதால் மங்கும், கலங்கும். உயரத்திலிருந்து வரும் ஒளிக்கு அந்தச் சேதம் குறைவு.

1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை; 1982-ல் காலமாகிவிட்டார். அவருடைய பெயரைத்தான் அந்தத் தொலைநோக்கியும் வானாய்வகமும் தாங்கியிருக்கின்றன.

குடும்பத்தில் யார் யார்?

எட்டுக் கோள்கள் என்பதை எல்லோரும் படித்திருப்போம். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் பாறைக் கோள்கள். வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களால் ஆன பெருங்கோள்கள். யுரேனஸும் நெப்டியூனும் நீர், அமோனியா, மீத்தேன் நிறைந்த பனிப்பெருங்கோள்கள்.

நிலவுகளின் கணக்குதான் பள்ளிப் புத்தகம் அச்சாகி வருவதற்குள் மாறிவிடுகிறது. புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவே இல்லை. பூமிக்கு ஒன்று. செவ்வாய்க்கு ஃபோபோஸ், டீமோஸ் என்று இரண்டு. ஃபோபோஸ் எட்டு மணி நேரத்துக்குள் செவ்வாயை ஒரு முறை சுற்றிவிடுகிறது. வியாழனின் கணக்கு நூறை ஒட்டி நிற்கிறது. சனிக்கு 2025 மார்ச் நிலவரப்படி 274.

எண்ணிக்கையைவிட வியப்பானது இவற்றின் குணம். வியாழனின் அயோவில் எரிமலைகள் வெடித்துக்கொண்டிருப்பதை 1979-ல் வாயேஜர் விண்கலத்தின் படங்கள் காட்டின. பூமிக்கு வெளியே இயங்கும் எரிமலையை மனிதர் கண்டது அதுதான் முதல்முறை. சனியின் டைட்டனுக்கு நம் காற்று மண்டலத்தைவிட அழுத்தமான நைட்ரஜன் மண்டலமும் மீத்தேன் ஏரிகளும் உண்டு. அதே சனியின் சிறு நிலவான என்செலடஸின் தென்துருவ வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005-ல் காசினி விண்கலம் கண்டது. கேனிமீடின் விட்டம் 5,268 கிலோமீட்டர். 4,880 கிலோமீட்டர் விட்டமுள்ள புதன் கோளைவிட அது பெரியது.

நட்சத்திரத்தை மறைத்துக் கோளை அறிவது

தொலைவில் உள்ள கோளைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. யுரேனஸ் நம்மிடமிருந்து ஏறக்குறைய 290 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் காற்று மண்டலத்தின் கலக்கத்தால், தரையிலுள்ள சாதாரணத் தொலைநோக்கிக்கு அந்தத் தொலைவில் 14,000 கிலோமீட்டருக்கும் சிறிய எதுவும் தனித்துத் தெரியாது. கண்ணாடியைப் பெரிதாக்கினாலும் அந்தக் கலக்கம் அப்படியே இருக்கும்.

இதைத் தாண்டிப் போகும் வழிதான் மறைப்பு. கோள்கள் வானத்தில் நகரும்போது எப்போதாவது ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். நட்சத்திரம் அத்தனை தொலைவில் இருப்பதால் அது ஒரு புள்ளி ஒளி. கோளின் விளிம்பு அதைத் தொட்டதும் ஒளி அணைகிறது; மறுவிளிம்பு விலகியதும் மீண்டும் வருகிறது. அணைந்திருந்த நேரத்தைக் கோளின் வேகத்தால் பெருக்கினால் அகலம் கிடைத்துவிடும். காற்று இல்லாத கோளானால் ஒளி சட்டென்று அணையும். காற்று மண்டலம் இருந்தால் அதில் வளைந்து, சிதறி, படிப்படியாக மங்கும். வளையம் இருந்தால் கோள் வருவதற்கு முன்பே ஒருமுறை கண் சிமிட்டும். விளக்குக்கும் நமக்கும் இடையே உள்ள மூங்கில் வேலியை ஒட்டி இருட்டில் நடந்தால், வேலி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெளிச்சம் விட்டுவிட்டு வருவதை வைத்தே கழிகளை எண்ணிவிடலாம். மறைப்பில் நடப்பதும் அதுதான்.

இதற்கு வேண்டியது அழகான படம் அல்ல, ஒளியின் அளவு. தொலைநோக்கியின் குவியத்தில் ஒரு சிறு துளை இருக்கும். கோளும் நட்சத்திரமும் அந்தத் துளைக்குள் விழும்படி நிறுத்துவார்கள். துளை வழியே வரும் ஒளி ஒளிமானியில் விழுந்து மின்னோட்டமாக மாறும். நேரக் குறியோடு அது பதிவாகும். கோளின் ஒளி நட்சத்திரத்தை மூழ்கடித்துவிடக் கூடாது என்பதால், மீத்தேன் உறிஞ்சிக்கொள்ளும் செந்நிறம் அல்லது அகச்சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அந்த நிறத்தில் யுரேனஸ் மங்கலாகிவிடும், நட்சத்திரம் தூக்கலாகத் தெரியும். கடிகாரம் பிசகினாலோ அந்த நேரத்தில் மேகம் வந்தாலோ அதே வாய்ப்பு திரும்பக் கிடைக்காது.

1972 ஜூன் 7: கேனிமீட்

1 மீட்டர் தொலைநோக்கி காவலூருக்கு வந்த ஆண்டிலேயே முதல் வாய்ப்பு வந்தது. ஜூன் 7 அன்று எஸ்.ஏ.ஓ. 186800 என்று அட்டவணையில் குறிக்கப்பட்ட ஒளி அளவில் எட்டாம் பருமன் கொண்ட நட்சத்திரத்தைக் கேனிமீட் மறைக்கும் என்று கணித்திருந்தார்கள். நிழல் விழும் பாதையில் இருந்த இரண்டு இடங்கள் அதைப் பதிவு செய்தன. ஒன்று ஜாவாத் தீவின் லெம்பாங், மற்றது காவலூர். ஆர். டபிள்யூ. கார்ல்சன், காவலூரில் பதிவு செய்த ஜே. சி. பட்டாச்சார்யா, பி. ஏ. ஸ்மித் உள்ளிட்டோர் 1973-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கேனிமீடின் விட்டம் ஏறக்குறைய 5,270 கிலோமீட்டர் என்று அவர்களுடைய கணக்கு சொன்னது. ஏழு ஆண்டுகள் கழித்து வாயேஜர் விண்கலங்கள் பக்கத்தில் போய் அளந்தபோது கிடைத்த அளவும் அதையே ஒட்டி அமைந்தது. நட்சத்திர ஒளி சட்டென்று அணையாமல் சற்றே மங்கி அணைந்ததை வைத்து, கேனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கிறது என்றும் அந்தக் கட்டுரை சொன்னது.

இந்த இரண்டாவது முடிவு பின்னால் திருத்தப்பட்டது. 1979-ல் வாயேஜர் 1 புற ஊதா ஒளியில் சோதித்தபோது, 1972-ல் கணித்த அளவுக்குக் காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. 1990-களில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி கேனிமீடைச் சுற்றி ஆக்சிஜனின் மிக மிக மெல்லிய போர்வை இருப்பதைக் கண்டது. 1996-ல் கலிலியோ விண்கலம் அந்த நிலவுக்குச் சொந்தமாகக் காந்தப்புலமே இருப்பதைக் கண்டுபிடித்தது. பனி ஓட்டுக்குக் கீழே உப்பு நீர்க் கடல் ஒன்று இருப்பதற்கான சான்றை ஹப்பிள் 2015-ல் தந்தது. 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் ஜூஸ் விண்கலம் 2031-ல் வியாழனை அடைந்து, பிறகு கேனிமீடைச் சுற்றிவரப் போகிறது.

அளவு நிலைத்தது, விளக்கம் திருந்தியது. காவலூரின் பதிவு அந்த நீண்ட வரிசையின் தொடக்கத்தில் இருக்கிறது.

1977 மார்ச் 10: யுரேனஸ்

அடுத்த வாய்ப்பு இன்னும் பெரியது. யுரேனஸை 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். சூரியனைச் சுற்ற அதற்கு 84 ஆண்டுகள் ஆகும். அதன் அச்சு 98 டிகிரி சாய்ந்திருப்பதால் ஏறக்குறைய படுத்தபடியே சுற்றிவருகிறது. வளையம் என்றால் சனிக்கு மட்டும்தான் என்றே 1977 வரை உலகம் நம்பியிருந்தது.

அந்த ஆண்டு மார்ச் 10 அன்று, நம் கணக்குப்படி 11-ஆம் தேதி விடியலுக்கு முன், எஸ்.ஏ.ஓ. 158687 என்ற நட்சத்திரத்தை யுரேனஸ் நெருங்கியது. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட் குழுவினர் கைப்பர் என்ற பறக்கும் வானாய்வகத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே இருந்தார்கள். விமானத்தில் பொருத்திய 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி அவர்களுடையது. காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், நம் நாட்டின் நைனிடால் ஆகிய இடங்களிலும் அதே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோள் நட்சத்திரத்தை எட்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தபோதே விமானத்தின் பதிவில் ஒளி ஒருமுறை குறைந்து மீண்டது. பிறகு இன்னொரு முறை, மீண்டும் ஒரு முறை. மொத்தம் ஐந்து. யுரேனஸ் விலகிய பிறகு மறுபக்கத்திலும் அதே இடைவெளிகளில் ஒளி குறைந்தது. காவலூரில் தெளிவாகக் கண்ணில் பட்டது ஒரே ஓர் ஆழமான குறைவு. சில நொடிகள்தான் நீடித்தது.

அதை எப்படிப் புரிந்துகொள்வது? அதுவரை தெரியாத ஒரு துணைக்கோள் நட்சத்திரத்தை மறைத்திருக்க வேண்டும் என்று முதலில் கருதினார்கள். பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றே பேசியது. ஒரே இடத்தில் ஒரே குறைவைக் கண்டவர்களுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் பல்லாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த நிலையங்களின் நேரங்களை அருகருகே வைத்தபோது, துணைக்கோளாக இருக்க வழியில்லை என்று தெரிந்தது. ஒரே சிறு துணைக்கோளின் நிழல் அத்தனை இடங்களிலும் விழ முடியாது. கோளின் இரு பக்கமும் ஒத்த இடைவெளியில் விழவும் முடியாது. மெல்லிய வளையங்கள் என்றால் எல்லாம் பொருந்தின. பட்டாச்சார்யாவும் பாப்புவும் காவலூர்ப் பதிவை மறுபடி ஆராய்ந்து, சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கும் உண்டு என்று அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

காவலூரில் பதிவான அந்த ஆழமான குறைவு எப்சிலான் என்று பெயர் பெற்ற வெளி வளையத்தால் உண்டானது. அதன் அகலம் இடத்துக்கு இடம் 20 முதல் 96 கிலோமீட்டர் வரை மாறும். ஆலங்காயத்திலிருந்து வேலூருக்குப் போய்வரும் தூரத்துக்கு மேல் போகாத அகலமுள்ள ஒரு பொருளை, நூற்றுக்கணக்கான கோடி கிலோமீட்டருக்கு அப்பால், 1 மீட்டர் கண்ணாடி உணர்ந்தது. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அங்கே போய் வளையங்களைப் படமெடுத்தது. இன்று யுரேனஸுக்கு 13 வளையங்கள் தெரியும்.

இந்த முறை அதோடு நின்றுவிடவில்லை. 2013-ல் சாரிக்லோ, 2017-ல் ஹௌமியா, அண்மையில் குவாவார் ஆகிய சூரியக் குடும்பத்துச் சிறு பொருள்களுக்கும் வளையங்கள் இருப்பதை மறைப்புகளே காட்டின. 2020 ஜூன் 6 அன்று புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை உத்தராகண்டின் தேவஸ்தல் தொலைநோக்கிகள் பதிவு செய்தன. அதிலிருந்து புளூட்டோவின் காற்றழுத்தத்தை அளக்க முடிந்தது.

நுங்கம்பாக்கத்திலிருந்து காவலூர் வரை

காவலூரின் வேர், கொடைக்கானல் வழியாக, சென்னையில் இருக்கிறது. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளின் எழுத்துகளோடு, இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1861-ல் அங்கே பொறுப்பேற்ற நார்மன் பாக்சன் அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். 1866-ல் சில்வியா, 1868-ல் கமில்லா, 1885-ல் வேரா என்று வரிசை நீண்டது. சென்னையில் கண்டெடுத்த சில்வியாவுக்கே ஒரு நிலவு உண்டு என்பது 2001-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் தெரிந்தது. இன்னொன்றும் கிடைத்தபோது, இரண்டு நிலவுகள் கொண்டதாக அறியப்பட்ட முதல் குறுங்கோள் சில்வியா ஆயிற்று.

பாக்சனின் காலத்தில் அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியை இந்த அவை அறிந்திருக்க வேண்டும். 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தவர் அவர். 1874-ல் சூரிய வட்டத்தைக் குறுக்காகக் கடந்துபோன வெள்ளியைப் பற்றிப் பொதுமக்கள் படிப்பதற்காக இந்திய மொழிகளில் சிறு நூலை வெளியிட்டார். வானியல் அவரவர் மொழியில் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் 150 ஆண்டுப் பழையது.

வேராவுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து நூறாண்டுக்கு மேல் ஒரு குறுங்கோளும் கண்டுபிடிக்கப்படவில்லை. காவலூரின் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு ஆர். ராஜமோகன் கல்கி என்ற பெயரில் ஒரு தேடல் திட்டத்தைத் தொடங்கினார். வானத்தின் ஒரே பகுதியைச் சற்று நேர இடைவெளியில் இருமுறை படமெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆயிரக்கணக்கான நட்சத்திரப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாறிய ஒரு புள்ளி மட்டும் நம் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தேடிப் பிடிப்பது கண் வலிக்கும் வேலை. 1988 பிப்ரவரி 17 அன்று பிடிபட்ட குறுங்கோளுக்கு, ஈரோட்டில் பிறந்த கணிதமேதையின் நினைவாக, 4130 ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். கேனிமீட், யுரேனஸ் மறைப்புகளைப் பதிவு செய்த பட்டாச்சார்யாவின் பெயரும் காவலூரில் கண்ட ஒரு குறுங்கோளுக்கு இருக்கிறது: 8348 பட்டாச்சார்யா. 2014 முதல் இயங்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கியும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

இனி செய்ய வேண்டியவை

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளான அயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நாம் பார்க்கும் கோணத்தில், ஒன்றை ஒன்று மறைக்கும். ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழும். காவலூரில் ஆர். வசுந்தரா இத்தகைய நிகழ்வுகளைப் பல பருவங்களில் பதிவு செய்து ஆராய்ந்தவர். நிலவுகளின் இடத்தை மிகத் துல்லியமாகச் சொல்லும் வழி இது. நிலவுகளின் இடத்தைக் குறித்த நூறாண்டுக்கு மேற்பட்ட அளவீடுகளை வைத்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, அயோ மெல்ல வியாழனை நோக்கி நெருங்குவதாகக் காட்டியது. அயோவின் எரிமலைகளுக்கு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடைய கண்டுபிடிப்பு அது.

அடுத்த பருவம் 2026, 2027 ஆண்டுகளில் வருகிறது. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 15 சென்டிமீட்டர் தொலைநோக்கி, அதில் பொருத்திய ஒரு சிறு கேமரா, ஜி.பி.எஸ். நேரம் இருந்தால் ஒரு பள்ளியே பயனுள்ள பதிவைத் தர முடியும். இத்தகைய பதிவுகளை உலகெங்கிலும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து வானியலாளர்கள் வாங்கிச் சேர்க்கிறார்கள். மலையடிவாரத்து மாணவர்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அதற்கு இந்த வானம் இருட்டாக இருக்க வேண்டும். மறைப்பில் அளப்பது ஒளியின் சிறு குறைவு. வானமே வெளுத்திருந்தால் அந்தக் குறைவு அதில் கரைந்துபோகும். கிராமங்களில் தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரவில் நடப்பவர்களுக்கும், பாம்பும் காட்டுவிலங்கும் வரும் பாதைகளுக்கும் வெளிச்சம் அவசியம். ஆனால் அந்த வெளிச்சம் தரையில் விழ வேண்டும். மேற்புறம் மூடிய விளக்குக் கூடு, நீல வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி., நள்ளிரவுக்குப் பிறகு விளம்பரப் பலகைகளின் விளக்குகளை அணைப்பது ஆகியவை ஊராட்சி அளவிலேயே முடிவெடுக்கக் கூடியவை, மின்கட்டணமும் குறையும். லடாக்கின் ஹான்லேயில் இந்திய வான் இயற்பியல் மையத்தின் வானாய்வகத்தைச் சுற்றியுள்ள பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்தார் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவதோடு, வருவோருக்கு வானத்தைக் காட்டும் பணியையும் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள். அதே மையம்தான் காவலூரையும் நடத்துகிறது. ஹான்லேயில் நடந்ததை ஜவ்வாது மலையிலும் தொடங்கலாம். மலைக்கிராமங்களில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் இளைஞர்களுக்கு அது வருமானமும் தரும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காவலூருக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பிரம்மாண்டத்தைக் காட்டுவதோடு நிறுத்திவிடாமல், 1972 முதல் உழைக்கும் 1 மீட்டர் தொலைநோக்கியைப் பற்றியும் சொல்லுங்கள். கேனிமீடையும் யுரேனஸையும் அளந்த கருவி அது. பள்ளிக்குத் திரும்பியதும் இருகண் நோக்கியில் வியாழனின் நான்கு நிலவுகளையும் பார்க்கச் சொல்லி, ஒரு மாதம் இரவுதோறும் அவை நிற்கும் இடத்தை நோட்டில் குறித்துவரச் செய்யுங்கள். அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, கலிஸ்டோவுக்கு 17 நாள் ஆகிறது. மாத முடிவில் மாணவர்களே தங்கள் குறிப்பிலிருந்து நான்கு நிலவுகளின் சுற்றுக் காலத்தையும் கணக்கிட்டுவிட முடியும்.